நெம் பிரெஞ்சுச் சாப்பாடு இல்லை

போன மாதம் சென்னையிலிருந்து வந்த நண்பர்கள் மூன்று பேரைக் கூட்டிக்கொண்டு வெள்ளை நகரத்தில் ஒரு கஃபேக்குப் போனேன். மஞ்சள் சுவர், காகிதப்பூ, எடித் பியாஃப் பாட்டு. ஊர்க்காரன் எவனும் தன் காசில் தானாக அங்கே போகமாட்டான், விருந்தாளி வந்தால் போவோம். மெனு அட்டையில் 'பிரெஞ்சு ஸ்டார்ட்டர்கள்' என்று ஒரு தலைப்பு. அதன் கீழே வெங்காய சூப்புக்கும் பூண்டு ரொட்டிக்கும் நடுவில் 'சிக்கன் நெம்' உட்கார்ந்திருந்தது.

பரிமாற வந்த தம்பியிடம் கேட்டேன், "இது எந்த ஊரு அயிட்டம்ப்பா?"

"ஃப்ரெஞ்ச் சார். பாண்டி ஃப்ரெஞ்ச். க்ரியோல்னு சொல்வாங்க."

அந்தத் தம்பி மேல் எனக்குக் கோபமில்லை. சொல்லிக்கொடுத்ததைச் சொல்கிறான். தட்டு வந்தது. மைதா உறை, உள்ளே பாதிக்கு மேல் முட்டைகோஸ், தொட்டுக்கொள்ள மயோனிஸ். நண்பர்கள் போட்டோ எடுத்து, 'பாண்டில ஃப்ரெஞ்ச் லஞ்ச்' என்று ஸ்டோரி போட்டார்கள். நான் ஒன்றும் பேசாமல் நான்கையும் தின்றேன். வீட்டுக்கு வந்த பிறகுதான் எரிச்சல் ஆரம்பித்தது. அன்று வாயை மூடிக்கொண்டு இருந்ததற்குச் சேர்த்துத்தான் இப்போது எழுதுகிறேன்.

நெம் பிரெஞ்சுச் சாப்பாடு இல்லை. அது சைகோனிலிருந்து கப்பலேறி வந்தது. கொண்டுவந்தவர்கள் வியட்நாமியப் பெண்கள், அவர்களைக் கட்டிக்கொண்ட அல்லது கட்டிக்கொள்ளாமலே கூட்டிவந்த புதுச்சேரித் தமிழர்கள். பிரான்சுக்கு இதில் இருக்கும் பங்கு, கப்பலுக்கு டிக்கெட் எடுத்ததும் சம்பளப் பட்டியலில் கையெழுத்துப் போட்டதும். அந்தக் கையெழுத்தைத்தான் நாம் இன்றைக்கு ரெசிபி என்று விற்றுக்கொண்டிருக்கிறோம்.

கதை தெரியாதவர்களுக்காக. 1859இல் பிரெஞ்சுப் படை சைகோனைப் பிடித்தது. 1862 ஒப்பந்தத்தில் கொச்சின்சீனாவின் மூன்று மாகாணங்கள் அவர்கள் கைக்கு வந்தன. பிடித்த இடத்தை ஆள ஆள் வேண்டும். வரி வசூலிக்க, போலீசில் நிற்க, சுங்கத்தில் உட்கார, கணக்கெழுத. அத்தனை பேரையும் பிரான்சிலிருந்து வரவழைத்தால் கட்டுபடியாகாது. புதுச்சேரியிலும் காரைக்காலிலும் பிரெஞ்சு படித்துவிட்டு வேலையில்லாமல் இருந்தவர்கள் கண்ணில் பட்டார்கள்.

1881 செப்டம்பர் 21 தேதியிட்ட ஓர் ஆணை வந்தது. சாதி, மத வழக்கப்படி நடக்கும் தன் சொந்தச் சட்டத்தைத் துறக்கிறேன் என்று ஓர் இந்தியன் எழுதிக்கொடுத்தால் பிரெஞ்சு சிவில் சட்டத்தின் கீழ் வரலாம். கூடவே ஒரு குடும்பப் பெயரும் வைத்துக்கொள்ள வேண்டும். பொன்னுத்தம்பிப் பிள்ளை 'லாபோர்த்' ஆனார். ஷூ போட்டுக்கொண்டு கோர்ட்டுக்குள் வந்ததற்காகத் தடுக்கப்பட்ட அதே வக்கீல்தான். இப்படித் துறந்தவர்களில் கணிசமானவர்கள் கிறிஸ்தவர்கள், அதிலும் தலித்துகள் நிறைய. வேளாளக் கிறிஸ்தவர்களும் இருந்தார்கள். ஊர்ச் சாதிக் கட்டைத் தாண்ட அன்று இருந்த சில கதவுகளில் இது ஒன்று. அதனால்தான் சண்முக வேலாயுத முதலியாரின் அணி துறந்தவர்களை அவ்வளவு மூர்க்கமாக எதிர்த்தது. கதவைத் தாண்டியவர்களில் பலர் நேரே சைகோனில் போய் இறங்கினார்கள். இந்த வரலாற்றை விரிவாகப் படிக்க விரும்புகிறவர்கள் நதாஷா பைராதோ 2016இல் வெளியிட்ட புத்தகத்தைத் தேடலாம். இந்தோசீனாவில் இருந்த பிரெஞ்சிந்தியர்களைப் பற்றி முழுதாக ஒரு புத்தகம், ஆங்கிலத்தில். தமிழில் அப்படி ஒன்றை நான் பார்த்ததில்லை. கஃபே வாசலைப் பற்றி ஆயிரம் ரீல்ஸ் போட்டிருக்கிறோம்.

பிறகு 1954. மே 7இல் தியன் பியன் பூ விழுந்தது. நவம்பர் 1இல் புதுச்சேரி இந்தியாவிடம் வந்தது. ஆறு மாதத்துக்குள் இரண்டு பக்கமும் கதவு சாத்தப்பட்டது. சைகோனில் இருந்தவர்களில் சிலர் பிரான்சுக்குப் போனார்கள், சிலர் இங்கே திரும்பினார்கள், சிலர் 1975 ஏப்ரலில் சைகோன் விழும்வரை அங்கேயே ஒட்டிக்கொண்டிருந்தார்கள். இங்கே வந்தவர்களோடு வந்ததுதான் நெம்.

பெயரையே பாருங்கள். சைகோன் பக்கத்தில் இதற்குப் பெயர் 'சா யோ'. 'நெம்' என்பது வட வியட்நாம் வழக்கு. தெற்கே நெம் என்று கேட்டால் புளிக்கவைத்த பன்றிக்கறியை நீட்டுவார்கள். பிரெஞ்சுக்காரன் வாயில் வடக்குச் சொல் ஒட்டிக்கொண்டது, பாரீஸ் ரெஸ்டாரண்ட் வரைக்கும் போனது, இன்று நம் ஊரிலும் அதுவே நிலைத்துவிட்டது. நானும் அப்படித்தான் எழுதிக்கொண்டிருக்கிறேன். பழக்கம்.

குருசுக்குப்பத்தில் எங்கள் எதிர் வீட்டு ஆயா சைகோனில் பிறந்தவர். ஆறு வயதில் கப்பலேறி வந்தார். அப்பா தமிழர், சுங்கத்தில் குமாஸ்தா. அம்மா அந்த ஊர்ப் பெண். ஆயா வீட்டு முன்னறையில் இரண்டு போட்டோக்கள் உண்டு. ஒன்றில் அந்த அம்மா வியட்நாமிய நீள அங்கியில் நிமிர்ந்து நிற்கிறார். இன்னொன்று புதுச்சேரியில் எடுத்தது, புடவையில். இரண்டாவதில் கண் கேமராவைப் பார்க்கவில்லை. இதில் பெரிய அர்த்தம் தேடாதீர்கள், வெயிலாக இருந்திருக்கலாம். ஆனால் ஆயா சொன்னதைக் கேளுங்கள்:

"எங்கம்மா தமிழ் பேசுனா எல்லாரும் சிரிப்பாங்க. சண்டைக்குப் போவாம, பேசுறதையே நிறுத்திட்டா. அப்புறம் சமையல் மட்டும்தான். அதுக்கு யாரும் சிரிக்கல."

அந்த அம்மாவின் பெயர் குடும்பத்துக்கு வெளியே யாருக்கும் தெரியாது. தெருவில் அவருக்கு 'சீனாக்காரி' என்றுதான் பெயராம். நாடுகூடச் சரியாகச் சொல்ல நமக்கு மனம் வரவில்லை. இன்று அவர் பேரன் வயதில் இருக்கும் யாரோ ஒருவர், அவர் செய்த பண்டத்தை 'பிரெஞ்சு' என்று அட்டையில் அச்சடிக்கிறார். ஒருமுறை சீனாக்காரி, மறுமுறை பிரெஞ்சு. நடுவில் இருந்த ஊரை மட்டும் எவனும் சொல்லமாட்டேன் என்கிறான்.

மெனு விஷயத்தை ஆயாவிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டுக் கேட்டார், "பூண்டு ரொட்டிக்குப் பக்கத்துலயா போட்டிருந்தான்?" அவருக்கு வலித்தது அந்த இடம்.

இதே மாதிரி வேறு எங்காவது நடந்திருக்கிறதா என்று தேடினால் மெக்சிகோவின் தமாலே ஞாபகம் வருகிறது. மக்காச்சோளத்தைச் சுண்ணாம்புத் தண்ணீரில் வேகவைத்து, அரைத்து, மாவாக்கி, நடுவில் கறி வைத்து, சோளத் தோகையில் மடித்து ஆவியில் வேகவைப்பார்கள். நம் கொழுக்கட்டைக்கு ஒன்றுவிட்ட சித்தப்பா பிள்ளை என்று வைத்துக்கொள்ளுங்கள். அதுவும் தனியாகச் செய்கிற வேலை இல்லை. அத்தை, சித்தி, பக்கத்து வீட்டுக்காரி எல்லாரும் மேசையைச் சுற்றி உட்கார்ந்து மணிக்கணக்கில் மடிப்பார்கள். ஜனவரி 6இல் வெட்டும் ரொட்டியில் ஒரு குட்டிப் பொம்மையை ஒளித்து வைத்திருப்பார்கள். அது யார் துண்டில் வருகிறதோ அவர் பிப்ரவரி 2இல் எல்லாருக்கும் தமாலே போட வேண்டும். 16ஆம் நூற்றாண்டிலேயே சகாகுன் என்ற ஸ்பானியப் பாதிரியார் அஸ்டெக்குகள் தின்ற தமாலே வகைகளை எழுதிவைத்திருக்கிறார். அன்று உள்ளே வைத்தது வான்கோழி. நாட்டுக்கோழியும் பன்றியும் ஸ்பானியர்கள் கொண்டுவந்தவை. இன்று ஊரெல்லாம் விற்பது சிக்கன் தமாலே, மாவில் அடித்துச் சேர்ப்பது பன்றிக் கொழுப்பு. ஆக உள்ளே இருக்கும் கறியும் வந்தேறி, மாவில் இருக்கும் கொழுப்பும் வந்தேறி. இருந்தும் அதை ஸ்பானிய உணவு என்று ஒரு மெக்சிகோக்காரியிடம் சொல்லிப் பாருங்கள்.

இந்தக் கணக்கை நெம்முக்குப் போடுவோம். உறை அரிசி. உள்ளே போகும் கண்ணாடி சேமியா பாசிப்பயறு மாவில் செய்தது. கருப்பாகச் சுருண்டிருக்கும் மரக்காளான் அந்தப் பக்கத்துக் காடுகளில் இருந்து. தொட்டுக்கொள்ளும் 'நுவொக் மாம்' வெறும் நெத்திலியும் உப்பும் மாதக்கணக்கில் ஊறி இறங்கிய சாறு. கோழி நம்ம ஊர். பிரெஞ்சுக்காரன் தந்தது என்று ஏதாவது உண்டா? உண்டு, கேரட். வியட்நாமியர்கள் கேரட்டுக்குச் சொல்லும் 'கா ரோத்' பிரெஞ்சிலிருந்து போன சொல்தான். நூறு வருஷ ஆட்சிக்கு ஒரு கேரட். அதையும் பொடியாகத் துருவித்தான் போடுகிறோம்.

இந்த இடத்தில் ஒருவர் எழுந்து, "உணவுல ஏதுங்க தூய்மை? எல்லாமே கலவைதானே? மிளகாய்கூட மெக்சிகோவிலேருந்து வந்ததுதானே?" என்பார். இந்தக் கேள்வியை நானே பல இடங்களில் கேட்டுக் கைதட்டல் வாங்கியிருக்கிறேன். தூய்மை பேசுகிறவனை மடக்க நல்ல கேள்வி. இங்கே அது வேறு வேலை செய்கிறது. 'கலவை' என்று சொல்லிவிட்டால் யார் யாரை எங்கே அனுப்பினார்கள், யார் யாருக்குச் சம்பளம் கொடுத்தார்கள், யார் யார் வீட்டில் பேச்சை நிறுத்தினார்கள் என்பதெல்லாம் ஒரு குழம்பில் கரைந்துபோகிறது. 'க்ரியோல்' என்ற சொல்லும் அதற்குத்தான். கேட்க அழகாக இருக்கிறது, யாரையும் குறிப்பிடவில்லை.

கலவை என்றால் பெயர்களைச் சொல்லிக் கலக்குங்கள். சைகோன், புதுச்சேரி, காரைக்கால் என்று அட்டையில் போடுங்கள். பிரான்சையும் வேண்டுமானால் கடைசியில் போடுங்கள், வாகன உதவி என்று.

இன்னொரு பக்கமும் சொல்லவேண்டும், இல்லையென்றால் நானும் ஒரு சுகமான கதை கட்டியவன் ஆவேன். சைகோனுக்குப் போன நம்மவர்கள் தேவதூதர்கள் இல்லை. ஊரில் சாதி அடக்குமுறையிலிருந்து தப்பித்தவன், அங்கே இன்னொரு மக்களை அடக்கும் எந்திரத்தில் போல்ட் ஆனான். வியட்நாமியரிடம் வரி பிடுங்கியதில் தமிழன் கையும் உண்டு. பிரெஞ்சு ராணுவத்தில் இருந்தவர்கள் அந்த மக்களின் விடுதலைப் போருக்கு எதிர்ப்பக்கம் நின்றவர்கள். கடற்கரைச் சாலைப் போர் நினைவுச் சின்னத்தில் ஒவ்வொரு ஜூலை 14உம் மெடல் குத்திக்கொண்டு நிற்கும் சொல்தாக்களைப் படம் எடுக்கிறோம். அவர்கள் பென்ஷனைப் பற்றிப் பொறாமையோடு ஜோக் அடிக்கிறோம். அன்று காலை வீட்டில் நெம் உருட்டியவள் எந்தப் படத்திலும் இல்லை. நெம்மை 'இரண்டு பண்பாடுகளின் காதல்' என்று எழுதுகிறவர்களிடம் எனக்கு ஒரே ஒரு கேள்வி: அந்தக் காதலில் ஒருத்தி மட்டும் ஏன் ஊரை விட்டு, மொழியை விட்டு, பெயரையும் விட்டு வர வேண்டியிருந்தது?

எங்களுக்குப் பாரம்பரியத்தைக் காப்பாற்றத் தெரியாது என்று சொல்லவில்லை. 2014 நவம்பரில் மழையில் மேரி கட்டடம் இடிந்து விழுந்தபோது ஊரே துக்கம் கொண்டாடியது. பழைய தூண், பழைய வளைவு மாறாமல் அப்படியே திரும்பக் கட்டி 2021இல் திறந்தார்கள். நானும் போய்ப் பார்த்துச் சந்தோஷப்பட்டேன். சுண்ணாம்புச் சுவர் விழுந்தால் எல்லாருக்கும் தெரிகிறது. ஒரு ஆயா படுக்கையில் விழுந்தால் அந்த வீட்டுச் சமையல் போன கதை பக்கத்துத் தெருவுக்குத் தெரியாது.

சரி, வீட்டில் செய்வதைப் பற்றி. இணையத்தில் 'ஒரிஜினல் நெம்' என்று பாடம் எடுக்கிற ஒரு கூட்டம் இருக்கிறது. பன்றிக்கறியும் நண்டும் இல்லாவிட்டால் அது நெம்மே இல்லையாம், சிக்கன் போடுவது சுற்றுலாக்காரனுக்காகச் செய்த சமரசமாம். இவர்களிடமும் எனக்குச் சண்டை உண்டு. ஆயா வீட்டில் சிக்கன் எப்போது வந்தது என்று கேட்டேன். ஊருக்கு வந்த புதிதில் முல்லா வீதிப் பக்கம் வாடகைக்கு இருந்தார்களாம். பக்கத்து வீட்டு முஸ்லிம் அம்மா ரம்ஜானுக்கு பிரியாணி கொடுத்தனுப்பினார். வெறும் பாத்திரத்தைத் திருப்பிக் கொடுக்கக் கூடாது. பன்றி போட்டதைக் கொடுக்க முடியாது. "அன்னிக்கு அம்மா கோழி வாங்கியாரச் சொன்னா. தமிழ்ல சொன்னா." சிக்கன் நெம் அந்தப் பாத்திரத்தில் பிறந்தது, அந்த வீட்டைப் பொறுத்தவரை. இந்த ஊருக்கென்று ஒரு நெம் உண்டென்றால் என் ஓட்டு அதற்குத்தான். ஒரிஜினல் பேசுகிறவர்கள் ஹனோயில் போய்ப் பேசட்டும்.

செய்முறை பெரிய வித்தை இல்லை, பொறுமை வேண்டும். கோழியில் தொடைக்கறியை எடுத்து, தோலோடு, கத்தியால் கொத்த வேண்டும். மிக்சியில் போட்டால் களியாகிவிடும். நெஞ்சுக்கறி வறண்டுபோகும். கண்ணாடி சேமியாவையும் காளானையும் ஊறவைத்துப் பிழிந்து நறுக்கணும். வெங்காயத்தைப் பொடியாக அரிந்து தண்ணீரைப் பிழிந்துவிடணும். அந்தத் தண்ணீர்தான் எண்ணெயில் வெடிக்கும். கேரட் துருவல், மிளகுத்தூள், நுவொக் மாம், ஒரு முட்டை. கையால் பிசைய வேண்டும். இஞ்சி பூண்டு விழுது போட்டேன் என்று சொன்னால் ஆயா வீட்டுக்குள் விடமாட்டார்.

உறைதான் எல்லாரையும் பயமுறுத்துவது. ரைஸ் பேப்பர் என்று பாக்கெட்டில் வட்டவட்டமாகக் கிடைக்கிறதே, அதுதான். அது எப்படிச் செய்கிறார்கள் தெரியுமா? கொதிக்கும் பானை வாயில் துணியை இழுத்துக் கட்டி, அதன் மேல் அரிசி மாவை ஒரு கரண்டி ஊற்றி மெல்லிசாகத் தேய்த்து, மூடி போட்டு வேகவிட்டு, மூங்கில் குச்சியால் எடுத்து, மூங்கில் தட்டியில் போட்டு வெயிலில் காயவைப்பார்கள். இதைக் கேட்டதும் எனக்கு எங்கள் அம்மா போட்ட இலை வடாம்தான் ஞாபகம் வந்தது. துணிக்குப் பதில் இலை, மற்றபடி அதே மாவு, அதே ஆவி, அதே வெயில். சைகோனிலிருந்து வந்தவளுக்கும் மொட்டை மாடியில் வடாம் காயவைத்தவளுக்கும் நடுவே பிரெஞ்சுக்காரன் மொழிபெயர்க்க ஒன்றுமே இல்லை.

தாளை ஒரு சிட்டிகை சர்க்கரை கரைத்த தண்ணீரில் முக்கி உடனே எடுத்து, ஈரத்துணியில் விரிக்கணும். சர்க்கரை நிறம் கொடுக்கும். அரை நிமிடம் விட்டால் தானாக இளகும். கட்டைவிரல் அளவு பூரணம், ஒரு மடிப்பு, இரண்டு பக்கமும் உள்ளே, பிறகு உருட்டு. இறுக்கிச் சுற்றக் கூடாது, சேமியா உள்ளே உப்பும். மிதமான எண்ணெயில் ஒன்றோடொன்று ஒட்டாமல் வெளுப்பாகப் பொரித்து எடுத்து, ஆறவிட்டு, சாப்பிடப்போகும் நேரத்தில் இன்னொரு தடவை. லெட்யூஸ் இலையில் புதினாவோடு சுற்றி, நுவொக் மாம், எலுமிச்சை, சர்க்கரை, தண்ணீர், பூண்டு, பச்சைமிளகாய் கலந்த சாற்றில் தொட்டுத் தின்ன வேண்டும். மயோனிஸ் என்ற சொல்லை அந்த மேசையில் உச்சரிக்காதீர்கள்.

ஐம்பது உருட்ட ஒருத்திக்கு அரை நாள் போய்விடும். அதனால்தான் நாலு பேர் உட்காருவார்கள். அந்த நாலு பேரும் இப்போது துலூசிலும் பாரீசிலும் இருக்கிறார்கள். ஆயா கிறிஸ்துமஸுக்குத் தனியாக உருட்டுகிறார். ஊருக்குள் ஆர்டருக்குச் செய்துகொடுக்கும் வீடுகள் இன்னும் உண்டு. போர்டு இருக்காது, போகன்வில்லா இருக்காது. விசாரித்துக்கொண்டு போங்கள். கஃபேயில் நான்கு துண்டுக்குக் கொடுக்கும் காசை அங்கே கொடுத்தால் வீட்டுக்கே சாப்பாடு வரும். கஃபேகளைப் புறக்கணிக்கச் சொல்லவில்லை. காப்பி குடியுங்கள். ஆனால் மெனுவில் 'பிரெஞ்சு' என்று இருந்தால், "இது சைகோன்தானே?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். நான் அன்றைக்குக் கேட்காதது அதுதான். பத்துப் பேர் கேட்டால் பதினோராவது ஆளுக்காக அட்டையை மாற்றுவார்கள், வியாபாரம் அப்படித்தான்.

போன ஞாயிற்றுக்கிழமை நானும் ஆயா வீட்டில் உட்கார்ந்து உருட்டினேன். மொத்தம் நாற்பது. என்னுடையதில் ஒன்பது எண்ணெயில் வாயைப் பிளந்தன. ஆயா ஜல்லிக்கரண்டியால் ஒன்றை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இறுக்கிட்டே. அவசரம்." உடைந்ததை எல்லாம் ஒரு தட்டில் ஒதுக்கி என் பக்கம் தள்ளினார். நல்லதாக வந்ததில் எட்டு எண்ணி, ஒரு பழைய எவர்சில்வர் தூக்கில் அடுக்கி, முல்லா வீதிக்கு என்னையே கொண்டுபோகச் சொன்னார். அந்த வீட்டில் இப்போது பேத்தி இருக்கிறார். கதவைத் திறந்து தூக்கைப் பார்த்ததும், "சைகோன் வீட்டுலேருந்தா?" என்றார்.